எம்.பி.பி.எஸ். முடித்தவள் ஆய்வுக்கூடத்துக்குப் போனால் படிப்பு வீணா?

17 ஆகஸ்ட் 2025: மார்த்தாண்டத்திலிருந்து ஒருவரின் கேள்வி

என் தங்கை மகள் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்து, ஹவுஸ் சர்ஜன் காலத்தையும் முடித்துவிட்டாள். எம்.டி. படித்துவிட்டு நாகர்கோவிலிலோ இங்கேயோ இருப்பாள் என்று குடும்பமே காத்திருக்கிறது. அவளோ புற்றுநோயும் இம்யூனாலஜியும் (நோய் எதிர்ப்பியல்) ஆராயப் போகிறேன் என்கிறாள். எலியை வைத்து ஆராய எம்.எஸ்ஸி. படித்தவர்கள் இருக்கிறார்கள். நோயாளியைப் பார்க்கப் படித்தவள் எலியைப் பார்க்கப் போனால் அந்த அரசு சீட்டு வீண்தானே? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

17 ஆகஸ்ட், இரவு

வீண் இல்லை. நான் அந்த வழியில் போனவள், அதனால் சொல்கிறேன். தக்கலைக்காரி. எம்.டி. பொது மருத்துவம், அதன் பிறகு புற்றுநோய் வார்டு, அதற்கும் பிறகு பிஎச்.டி. இப்போது வாரத்தில் பாதி நாள் ஓ.பி., மீதி நாள் ஆய்வுக்கூடம்.

உங்கள் கேள்விக்கு ஒரு மனிதரின் கதையைச் சொன்னால் போதும். 1968. பாஸ்டன் அருகே முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை. ஸ்டீவன் ரோசன்பெர்க் அப்போது பயிற்சியில் இருந்த இளம் அறுவை மருத்துவர். பித்தப்பை வலி என்று ஒருவர் வருகிறார். பழைய கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தால், 12 ஆண்டுகளுக்கு முன்பு அதே ஆளுக்கு வயிற்றில் புற்று, கல்லீரலுக்கும் பரவியிருந்தது. அன்று வயிற்றைத் திறந்த மருத்துவர்கள், முழுதாக எடுக்க முடியாது என்று மூடி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மேற்கொண்டு எந்தச் சிகிச்சையும் இல்லை. ரோசன்பெர்க் பித்தப்பைக்காகத் திறந்தபோது கல்லீரலைத் தடவித் தடவிப் பார்த்தார். புற்று இல்லை.

அந்தப் புற்றை அழித்தது அந்த உடம்பேதான் என்றால், எப்படி? அதன் பிறகான அவருடைய வாழ்க்கை முழுக்க இந்தக் கேள்விதான். எம்.எஸ்ஸி. படித்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த வயிற்றுக்குள் அவருடைய கை போயிருக்காது.

18 ஆகஸ்ட், காலை, ரயிலில்

நேற்று இரவு எழுதியதைப் படித்தால் ஏதோ ஒரே நாளில் எல்லாம் நடந்தது போல இருக்கிறது. மீதியையும் சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு நான் பாதி உண்மைதான் சொன்னவளாவேன்.

அந்த நோயாளியின் ரத்தத்தை எடுத்து, வயிற்றுப் புற்று இருந்த இன்னொருவருக்கு ஏற்றிப் பார்த்தார் ரோசன்பெர்க். பலன் இல்லை. 1974-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அறுவைப் பிரிவுக்குத் தலைவரானார். இன்டர்லூக்கின்-2 என்ற புரதம் டி செல்களை, அதாவது நோயைத் தாக்கும் ஒரு வகை வெள்ளணுக்களை, பெருக வைக்கும் என்று தெரிந்தபோது அதைக் கையில் எடுத்தார். அறுபதுக்கும் மேற்பட்ட நோயாளிகள். யாருக்கும் பயன்படவில்லை. 1984-ல் மெலனோமா என்ற தோல் புற்று பரவிய, கடற்படையில் வேலை பார்த்த ஓர் இளம்பெண்ணுக்குக் கட்டிகள் கரைந்தன. சிறுநீரகப் புற்றுக்கு அந்த மருந்து அங்கீகாரம் பெற 1992 ஆகிவிட்டது.

1968-லிருந்து 1992. இடையில் இறந்தவர்கள் எல்லாருக்கும் பெயர் உண்டு, வீடு உண்டு. இந்தத் துறையில் தோல்வி என்றால் அதுதான் பொருள். அதைச் சுமக்க முடியுமா என்று அவளிடம் கேளுங்கள். சம்பளத்தைப் பற்றி அப்புறம் கேட்கலாம்.

19 ஆகஸ்ட்

"அதெல்லாம் அமெரிக்காவில். நம் ஊரில் என்ன ஆராய்ச்சி?" என்று குலசேகரத்திலிருந்து ஒருவர்.

நெய்யூர் உங்களுக்கு எவ்வளவு தூரம்? லண்டன் மிஷன் 1838-ல் மருத்துவப் பணியைத் தொடங்கிய ஊர். எவரெஸ்டில் ஏறச் சென்ற ஹோவர்ட் சோமர்வெல், 1922 பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் காத்துக் கிடந்த கூட்டத்தைப் பார்த்து இங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். அது பலருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. அதே நெய்யூரில் வேலை பார்த்த ஐ. எம். ஓர் என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்பவர்களுக்கு வரும் வாய்ப் புற்றைப் பற்றி 1933-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். வெற்றிலையும் புகையிலையும் மென்று கன்னத்தில் ஒதுக்கிய பக்கத்திலேயே புண் வந்தவர்களை நாள்தோறும் பார்த்தவர். காரணத்தையும் தேடினார், சிகிச்சையையும் தேடினார்.

புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றை உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது 1985-ல். புகையிலை இல்லாத வெறும் பாக்குகூட அப்படித்தான் என்று சொன்னது 2004-ல். நம் மாவட்டத்து ஓ.பி. ஒன்றில் இருந்த ஒருவர் அதற்கு எத்தனை காலம் முன்பே எழுதிவிட்டார் என்று பாருங்கள். என் அம்மச்சியின் வெற்றிலைச் செல்லம் இன்னும் வீட்டில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 1933 கட்டுரை நினைவுக்கு வரும்.

19 ஆகஸ்ட், பிறகு

மேலே விட்டுப்போனது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 ஊராட்சிகளில் 1996-ல் தொடங்கிய ஓர் ஆய்வு. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான். புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்று மரணம் 34 சதவீதம் குறைந்தது. 2005-ல் அதுவும் லான்செட்டில் வந்தது. களியக்காவிளையைத் தாண்டினால் அந்த மாவட்டம். அங்கே மெல்லும் வெற்றிலைதான் இங்கேயும்.

23 ஆகஸ்ட்

மணவாளக்குறிச்சி மண்ணைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். "மணலில் தோரியம் இருக்கிறது, அதனால்தான் நம் கடற்கரையில் இவ்வளவு புற்று, அதை ஆராயச் சொல்லுங்கள்."

பொறுமையாகச் சொல்கிறேன். மோனசைட் மணலில் தோரியம் இருப்பது உண்மை. இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம் என்பதும் உண்மை. இதே வகை மணல் உள்ள கொல்லம் மாவட்டக் கருநாகப்பள்ளியில் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அங்கே சில இடங்களில் கதிர்வீச்சு ஆண்டுக்கு 70 மில்லிகிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை போகிறது. 2005 வரை 1,379 பேருக்குப் புற்று வந்தது. கதிர்வீச்சு கூடிய இடத்தில் வாழ்ந்தவர்களுக்குப் புற்றும் கூடியதா என்று பார்த்தால், கூடவில்லை. 2009-ல் வெளியான முடிவு இது.

இதை வைத்து "மணலால் ஒன்றும் இல்லை" என்று முழங்க நான் வரவில்லை. அங்கே அளந்தது, அங்கே வாழ்பவர்களை. மணலை அள்ளிப் பிரிக்கும் இடத்தில் தூசியைச் சுவாசிப்பவரின் கேள்வி வேறு. அதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும், தனியாகத்தான் அளக்க வேண்டும். ஆனால் மணலைப் பற்றிக் கோபமாகப் பேசும் கூட்டத்தில் பாதிப் பேர் வாயில் பாக்குப் பொட்டலம் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. எந்தப் புற்றுக்கு நிரூபிக்கப்பட்ட காரணம் இருக்கிறதோ, அந்தக் காரணம் ஐந்து ரூபாய்க்குப் பெட்டிக்கடையில் தொங்குகிறது.

24 ஆகஸ்ட்

முள்ளு சீத்தாப்பழம் புற்றுச் செல்லைக் கொல்லும் என்ற செய்தியை இங்கே போட்டவருக்கு. ஆய்வுக்கூடத் தட்டில் கிடக்கும் செல்லைக் கொல்வது எளிது. உப்பு கூடினால் சாகும், சூடு கூடினால் சாகும், நான் மூடியைச் சரியாக மூடாமல் போனாலும் சாகும். பக்கத்தில் இருக்கும் நல்ல செல்லைக் கொல்லாமல், உயிரோடு நடமாடும் ஒரு மனிதருக்குள்ளே, புற்றுச் செல்லை மட்டும் கொல்ல வேண்டும். மொத்தக் கஷ்டமும் அங்கேதான். பழத்தை ஆசைக்குச் சாப்பிடுங்கள். சிகிச்சையை நிறுத்திவிட்டுச் சாப்பிடாதீர்கள்.

31 ஆகஸ்ட்

அந்தப் பெண் ஒரு நாள் எப்படி இருக்கும் என்று மாமா வழியாகக் கேட்டிருக்கிறாள். எழுதுகிறேன், நீளும்.

காலையில் வார்டில் ஒருவரிடம் ரத்தம் எடுக்கிறோம். ஒப்புதல் வாங்கிய பிறகுதான். அந்த ரத்தத்தை நீர்த்து, ஃபைகால் என்ற கனமான திரவத்தின் மேல் மெதுவாக, கை நடுங்காமல், சுவரோரமாக இறக்க வேண்டும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் சிவப்பணுக்கள் அடியில் போய்விடும். நடுவில் மெல்லிய வெள்ளை வளையமாக லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் நிற்கும். அதைப் பிப்பெட்டால் உறிஞ்சி எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் வளையம் கலங்கும். சில மணி நேரத்துக்குள் இதைச் செய்யாவிட்டால் செல்கள் தளர்ந்துவிடும். ஓ.பி.யில் கூட்டம் என்று அது காத்திருக்காது. சாயா ஆறிப்போகும். பிறகு சாயம் ஏற்றிய ஆன்டிபாடிகளை (குறிப்பிட்ட ஒரு மூலக்கூறில் மட்டும் ஒட்டும் புரதங்களை) கலந்து ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டினால், ஒவ்வொரு செல்லும் லேசரைக் கடந்து போகும்போது அதன் மேற்பரப்பில் என்ன இருக்கிறது என்று திரையில் புள்ளியாக விழும்.

அந்தப் புள்ளிகளில் ஒரு கூட்டம் இன்று காலை என்னிடம் பேசிய மனிதருடையது. அவருக்கு மருந்து வேலை செய்யப் போகிறதா இல்லையா என்பதன் தடயம் அதில் எங்கோ இருக்கிறது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

கெட்ட நாளையும் சொல்ல வேண்டும். நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் இரவில் மின்சாரம் போய், ஜெனரேட்டர் எடுக்காமல், மைனஸ் 80 டிகிரிப் பெட்டி காலைக்குள் உருகிப்போனது. பெட்டியைப் பராமரிக்கக் கேட்ட பணம் மாதக்கணக்கில் கோப்பில் கிடந்தது. உள்ளே இருந்த சிறு குப்பிகளில் பல, அதற்குள் இறந்துபோனவர்களுடைய ரத்த மாதிரிகள். மறுபடி எடுக்க முடியாது. அந்த வாரம் நான் யாரோடும் பேசவில்லை.

வீட்டு நிலவரம்: என் கூடப் படித்தவர்கள் எல்லாருக்கும் சொந்த கிளினிக் இருந்த வயதில் நான் ஆய்வு உதவித்தொகையில் இருந்தேன். கல்யாண வீட்டில் சித்திமார் "எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாய்?" என்று கேட்டால் பதில் நீளும், அவர்கள் பாதியில் பந்திக்குப் போய்விடுவார்கள். இது அவளுக்கும் நடக்கும். மாமா பக்கத்தில் இருந்தால் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். அது பெரிய துணை.

3 செப்டம்பர்

நாகர்கோவில் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தும் ஒருவர் எனக்குச் சரியான மறுப்பு எழுதியிருக்கிறார். "மருத்துவர்தான் கேள்வி கேட்பார் என்கிறீர்கள். ஜேம்ஸ் அல்லிசன் மருத்துவரா?"

இல்லை. அல்லிசன் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர், நோய் எதிர்ப்பியல் அறிஞர். சி.டி.எல்.ஏ-4 என்ற மூலக்கூறு டி செல்லுக்குப் பிரேக் என்று தெரிந்ததும், அந்தப் பிரேக்கை ஆன்டிபாடியால் தடுத்தால் டி செல் புற்றைத் தாக்குமா என்று எலியில் பார்த்தவர் அவர். அம்மாவைச் சிறுவயதிலேயே புற்றுக்குப் பறிகொடுத்தவர். அதிலிருந்து வந்த மருந்து 2011-ல் அங்கீகாரம் பெற்றது. அவரோடு 2018 நோபலைப் பகிர்ந்த தசுக்கு ஹோஞ்சோ கியோட்டோவில் மருத்துவம் படித்தவர், ஆனால் வாழ்நாளை ஆய்வுக்கூடத்தில் கழித்தவர். டி செல்லின் இன்னொரு பிரேக்கான பி.டி-1-ஐ அவருடைய குழு 1992-ல் கண்டெடுத்தபோது புற்று அவர்கள் தேடிய பொருளே அல்ல.

ஆகவே முதல் நாள் எழுதியதை இப்படி மாற்றி வைக்கிறேன். மருத்துவர் இல்லாமலும் பெரிய கேள்விகள் பிறக்கும். மருத்துவர் இருந்தால் மட்டுமே பிறக்கும் கேள்விகளும் சில உண்டு. அவை பெரும்பாலும் பணம், பசி, தூரம் சார்ந்தவை. அதற்கு உதாரணம் நாளை. இன்று இரவு டியூட்டி.

5 செப்டம்பர்

நிவோலுமாப் என்பது ஹோஞ்சோவின் பி.டி-1 வழியில் வந்த மருந்து. வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். நம் ஊரில் ரப்பர் வெட்டுகிறவரோ வல்லத்தில் மீன்பிடிக்கப் போகிறவரோ அதன் விலையைக் கேட்டால் எழுந்து போய்விடுவார். போகிறார்கள், நான் பார்க்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். முழு அளவில் மாதக்கணக்கில் ஏற்ற அது எங்கே போதும்?

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் தலை, கழுத்துப் புற்று பார்க்கும் மருத்துவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்தால்? விலை குறைந்த மாத்திரைச் சிகிச்சையோடு சேர்த்து ஒரு பிரிவினருக்கு அதைக் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு மாத்திரைகள் மட்டும். ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் மாத்திரைப் பிரிவில் 16.3 சதவீதம், நிவோலுமாப் சேர்த்த பிரிவில் 43.4 சதவீதம். 2022-ல் வெளியானது.

பெரிதாக ஊதவில்லை. அதே ஆய்வில் ஆயுள்காலத்தின் நடுப்புள்ளி (பாதிப் பேர் அதற்கு மேல் உயிரோடு இருந்த காலம்) 6.7 மாதத்திலிருந்து 10.1 மாதம்தான். முழு அளவோடு நேருக்கு நேர் ஒப்பிட்டதும் அல்ல. ஆனாலும் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த மருந்து வேலை செய்யுமா என்று எந்த மருந்து கம்பெனி பணம் போட்டு ஆராயும்? விலை கேட்டு எழுந்து போகிற ஆளைத் தினமும் எதிரில் பார்க்கிறவருக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும். மார்த்தாண்டத்து அண்ணன், உங்கள் தங்கை மகள் படித்த எம்.பி.பி.எஸ். வீணாகாத இடம் இதுதான்.

6 செப்டம்பர்

சி.ஏ.ஆர்-டி பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. நோயாளியின் டி செல்லையே வெளியே எடுத்து, புற்றை அடையாளம் காணும் ஏற்பியைப் பொருத்தித் திருப்பி ஏற்றுவது. அமெரிக்காவில் முதல் அங்கீகாரம் 2017, அப்போதைய விலை 4,75,000 டாலர். மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மையமும் சேர்ந்து வளர்த்த நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் இந்திய அனுமதி கிடைத்தது. விலை அதில் சிறு பங்குதான், ஆனாலும் பல லட்சம். சில வகை ரத்தப் புற்றுகளுக்கு மட்டும். வாய்ப் புற்று போன்ற கட்டிகளில் இந்த வழி இன்னும் திணறுகிறது.

14 செப்டம்பர்

ஒப்புதல் படிவம் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன். நம் மாவட்டத்து நோயாளிகளில் பெரும்பங்கு எல்லை தாண்டித் திருவனந்தபுரம் போகிறார்கள். விடியற்காலை பஸ், கையில் தூக்குப்பாத்திரம், ஒரு பையில் ஸ்கேன் படங்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஆய்வுக்கான படிவம் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இருந்தது. 1956-க்கு முன்பு, நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேராத காலத்தில், பள்ளிக்கூடம் போன தாத்தாக்களில் சிலர் மலையாளம் வாசிப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. "டாக்டர் சொன்னால் சரி" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஆய்வு என்றால் என்ன, விலகிக்கொள்ளலாம், விலகினாலும் சிகிச்சை நிற்காது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

தமிழில் ஒரு படிவம் வேண்டும் என்று நெறிமுறைக் குழுவிடம் கேட்டுக் கேட்டு வாங்கினேன். என் பெயரில் வந்த கட்டுரைகளைவிட அந்த இரண்டு பக்கத் தாளை நான் பெரிதாக நினைக்கிறேன். குளச்சலிலிருந்து வந்த ஒரு அம்மா அதை முழுதாக வாசித்துவிட்டு, "இதில் எனக்கு ஒன்றும் கிடைக்காது, பின்னால் வருகிறவர்களுக்கு என்றுதானே போட்டிருக்கிறது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சற்று யோசித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டார். அது அவருடைய உரிமை. அன்றைக்குத்தான் படிவம் சரியாக எழுதப்பட்டிருக்கிறது என்று எனக்கு உறுதியானது.

6 அக்டோபர்

நோபல் அறிவிப்பு! மேரி பிரங்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி. ஒழுங்குபடுத்தும் டி செல்களுக்காக. வார்டிலிருந்து வெளியே வந்து செய்தியைப் பார்த்தேன். சந்தோஷம் தாங்கவில்லை.

7 அக்டோபர்

சகாகுச்சி ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். அவரும் கியோட்டோவில் மருத்துவம் படித்தவர். பிறந்து மூன்று நாளான எலியின் தைமஸை (டி செல்கள் முதிரும் சுரப்பியை) எடுத்துவிட்டால் அதன் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் உறுப்புகளையே தாக்கும். எதிர்ப்பே குறைய வேண்டிய இடத்தில் ஏன் கூடுகிறது? அடக்கி வைக்கும் ஒரு வகை டி செல் இருந்தாக வேண்டும் என்று அவர் தொடர்ந்து தேடினார். அடக்கும் டி செல் என்ற பேச்சையே துறையில் பலர் கைவிட்டிருந்த காலம் அது. 1995-ல் அந்தச் செல்லை அடையாளம் காட்டினார். பிரங்கோவும் ராம்ஸ்டெல்லும் 2001-ல் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவைக் கண்டார்கள். சகாகுச்சியின் செல்லை உருவாக்குவது அந்த மரபணுதான் என்று பிறகு தெரிந்தது.

புற்றுக்கும் இதற்கும் என்ன? புற்றுக்கட்டி இந்த அடக்கும் செல்களைத் தன்னைச் சுற்றி வரவழைத்துக்கொள்கிறது. தாக்க வரும் டி செல்கள் அங்கே அமைதியாகிவிடுகின்றன. நான் ஃப்ளோ சைட்டோமீட்டர் திரையில் எண்ணும் புள்ளிகளில் ஒரு வகை இவைதான்.

கூட ஒன்று. ரால்ஃப் ஸ்டைன்மன், இவரும் மருத்துவர், எதை எதிர்க்க வேண்டும் என்று டி செல்லுக்குக் காட்டும் டென்ட்ரிடிக் செல்லை 1973-ல் கண்டவர். கணையப் புற்று வந்தபோது தன் செல்களிலிருந்தே செய்த தடுப்பூசிகளை எடுத்துக்கொண்டார். நான்கரை ஆண்டு இருந்தார். 2011-ல் நோபல் அறிவிப்புக்கு மூன்று நாள் முன்பு இறந்தார். தடுப்பூசியால்தான் அவ்வளவு காலம் இருந்தாரா என்று ஒரே ஒரு மனிதரை வைத்துச் சொல்ல முடியாது. இதை அவரே முதலில் சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன்.

12 அக்டோபர்

மார்த்தாண்டத்து அண்ணன் எழுதியிருக்கிறார்: "அவள் போகட்டும். ஆனால் எம்.டி. முடித்துவிட்டா, நேராகவா?"

என் எண்ணம்: எம்.டி. முடிக்கட்டும். ஹவுஸ் சர்ஜன் காலத்தில் வேலை செய்யக் கற்றுக்கொள்கிறோம், நோயாளியைத் தொடர்ந்து கவனிக்கக் கற்றுக்கொள்வது அதன் பிறகு. எம்.டி. முடித்தால் மருத்துவர்களுக்கென்றே உள்ள ஆய்வு நல்கைகளுக்கு விண்ணப்பிக்கலாம். 2008-ல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ் என்ற ஆய்வு நிதி அமைப்பின் நல்கைகளில் மருத்துவர்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. ஆய்வு கைகூடாமல் போனாலும் கையில் தொழில் இருக்கும், வீட்டில் உங்களுக்கும் தூக்கம் வரும். ஆனால் எம்.டி. இடத்துக்காக நான்கு ஐந்து ஆண்டு நுழைவுத் தேர்வே எழுதிக்கொண்டிருக்கும் நிலை வந்தால், அதைவிட நேராகப் பிஎச்.டி.க்குப் போவது மேல். ஹோஞ்சோ போன வழியும் வழிதான்.

அதுவரை ஒரு வேலை. இப்போது டியூட்டி டாக்டராக இருக்கிறாள் என்றீர்கள். ஒவ்வொரு ஓ.பி. முடிந்ததும், இன்று எனக்குப் பதில் தெரியாமல் போனது எது என்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம், கேள்வி மட்டும். மாதக் கடைசியில் அதில் எந்தக் கேள்விக்கு ஏற்கெனவே விடை இருக்கிறது என்று நூலகத்தில் தேடி அடித்துவிடட்டும். அடிபடாமல் மிஞ்சுகிறவற்றை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வரட்டும். சனிக்கிழமைகளில் தக்கலையில் இருப்பேன்.